புது கிராபிக்ஸ் கார்டு போட்டால் திரை கறுப்பு, பழைய கார்டு அதே இடத்தில் ஓடுகிறது

#1 தறிக்கட்டை

மதர்போர்டு பி550. பிராசஸர் ரைசன் 5 5600. ரேம் 8 ஜிபி இரண்டு. பவர் சப்ளை 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ். இதுவரை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போட்டிருந்தேன். புதிதாக ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 8 ஜிபி வாங்கியிருக்கிறேன், 8 பின் கனெக்டர் ஒன்றுதான் இருக்கிறது.

மாட்டி பவர் பட்டனை அழுத்தினால் கேபினட் விசிறியும் சிபியு விசிறியும் சுற்றுகின்றன. கார்டின் விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மானிட்டரில் "நோ சிக்னல்". பழைய கார்டைத் திரும்ப மாட்டினால் இருபது நொடியில் விண்டோஸ் வந்துவிடுகிறது. அப்படியென்றால் ஸ்லாட், ரேம், சப்ளை எல்லாம் சரி, கார்டுதான் செத்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? திருப்பி அனுப்ப நான்கு நாள்தான் அவகாசம்.

#2 சால்டர்மணி

அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். "பூட் ஆகவில்லை" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் அதற்குள் நாலு வெவ்வேறு நோய் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் எதுவுமே அசையாதது ஒன்று. "டிக்" என்று அரை நொடி உயிர் வந்து அணைவது இன்னொன்று. எல்லாம் சுற்றியும் படம் வராதது மூன்றாவது. பயாஸ் (விண்டோஸுக்கு முன் போர்டிலிருந்தே ஓடும் தொடக்க நிரல்) படம் வந்து விண்டோஸ் மட்டும் வராதது நான்காவது. முதல் இரண்டும் பெரும்பாலும் மின்சாரச் சங்கதி. உங்களுடையது மூன்றாவது வகை.

விசிறி நின்றதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இப்போதைய கார்டுகளில் சூடு ஏறும்வரை விசிறியை நிறுத்தி வைப்பதுதான் வழக்கம். ஆன் செய்ததும் ஒரு சுற்று சுற்றி நின்றால் கார்டுக்குள் மின்சாரம் போகிறது என்று அர்த்தம். அது நல்ல சேதிதான்.

இரண்டு கேள்வி. போர்டில் 24 பின் கனெக்டர் பக்கத்தில் நாலு குட்டி விளக்கு இருக்கும்: சிபியு, டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட். எது எரிந்தபடியே நிற்கிறது? மானிட்டர் கேபிள் கார்டில்தான் சொருகியிருக்கிறதா, போர்டின் பின்பக்கத்திலா? 5600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அது வெறும் துளைதான், அதில் படம் வராது.

#3 குளிர்விசிறி

டிரைவர் பிரச்சினையா இருக்கும் ப்ரோ. பழைய கார்டைப் போட்டு சேஃப் மோடுல டிடியு (டிரைவரை நீக்குற கருவி) ஓட்டி டிரைவரை முழுசா துடைச்சிட்டு, புது கார்டை மாட்டுங்க.

#4 சால்டர்மணி

குளிர்விசிறி, டிரைவர் என்பது விண்டோஸுக்குள் இருக்கும் சாமான். பயாஸ் லோகோவே வரவில்லை என்றால் கணினி விண்டோஸின் வாசலுக்கே போகவில்லை. டிடியு ஓட்டுவதால் கெடுதல் இல்லை, ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தில்லை. லோகோ வந்து, வட்டம் சுற்றி, பிறகு திரை கறுத்தால் அப்போது டிரைவரைச் சந்தேகப்படலாம்.

#5 தறிக்கட்டை

விஜிஏ விளக்கு வெள்ளையாக எரிந்தபடியே நிற்கிறது. கேபிள் கார்டில்தான். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் மாற்றிப் பார்த்துவிட்டேன். கார்டின் துளைகளில் இருந்த ரப்பர் மூடிகளையும் எடுத்துவிட்டேன்.

#6 நாலாம்பின்

550 வாட் போதுமா என்பதுதான் என் சந்தேகம். 1050 டிஐ 75 வாட் கார்டு, ஸ்லாட்டிலிருந்தே முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும், தனி கேபிள் கேட்காது. அதனால் "பழைய கார்டு ஓடுகிறது, எனவே சப்ளை சரி" என்ற வாதம் நிற்காது. இத்தனை நாளும் அந்த 8 பின் கேபிள் வேலையே செய்யவில்லை. இப்போதுதான் அதற்கு முதல் நாள்.

#7 ஓம்விதி

நாலாம்பின் சொன்ன தர்க்கம் சரி, ஆனால் கணக்குப் போட்டால் வாட் இடிக்கவில்லை. 4060 டிஐ 160 வாட். ரைசன் 5 5600 எழுத்தில் 65 வாட், முழு வேகத்தில் சாக்கெட் வழியாக 76 வாட் வரை இழுக்கும். போர்டு, ரேம், டிஸ்க், விசிறி எல்லாம் சேர்த்து 50 என்று தாராளமாக வைத்தாலும் 300ஐத் தொடவில்லை. போதாக்குறைக்கு, பயாஸ் திரையில் கார்டு தன் முழுப் பசிக்கு அருகில்கூடப் போகாது. சப்ளை திணறினால் விளையாட்டின் நடுவில் அணையும், அல்லது ஆன் செய்த கணமே பாதுகாப்பு வெட்டி அணைக்கும். விசிறி ஓடிக்கொண்டே திரை மட்டும் கறுப்பாக நிற்பது வாட் பற்றாக்குறையின் முகம் அல்ல.

கேபிளைப் பார்க்க வேண்டியது வேறு காரணத்துக்காக. சிபியுவுக்குப் போகும் 8 பின் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்குப் போவது 6+2 ஆகப் பிரியும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே மின்னோட்டம் தலைகீழ். சிபியு கேபிளில் 12 வோல்ட் கம்பிகள் நாலும் கொக்கி இருக்கும் பக்கம். கார்டு கேபிளில் கொக்கிப் பக்கம் முழுக்க கிரவுண்ட், எதிர்ப்பக்கம்தான் 12 வோல்ட். துளையின் வடிவம் தடுக்கும், ஆனால் பலம் போட்டால் பிளாஸ்டிக் தோற்றுவிடும். 6+2இல் அந்த 2 பின் துண்டு தனியாகப் பின்வாங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். அந்த இரண்டில் ஒன்று சென்ஸ் பின். "8 பின் வந்திருக்கிறது" என்று கார்டுக்குச் சொல்வதே அதுதான். அது தொடவில்லை என்றால் சில கார்டுகள் கனெக்டர் பக்கத்தில் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

#8 தறிக்கட்டை

6+2 கேபிள்தான், இரண்டு துண்டும் சேர்ந்து "கிளிக்" என்று உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு விளக்கு எதுவும் இல்லை. மல்டிமீட்டர் இருக்கிறது, எதை அளக்க வேண்டும்?

#9 ஓம்விதி

சப்ளையை அணைத்து, கார்டைக் கழற்றி மேசையில் வைத்து, கார்டின் 8 பின் துளைக்குள் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவில் வையுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் பாகம்) ஷார்ட், பேச்சே இல்லை, திருப்பி அனுப்புங்கள். நூற்றுக்கணக்கான ஓம் அல்லது கிலோ ஓம் என்றால் உள்நுழைவு சுத்தம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆர்வத்தில் சிப்பைச் சுற்றியுள்ள காயில்களை அளந்து, ஒரு ஓமுக்கும் கீழே காட்டியதும் "ஷார்ட்" என்று அலறுகிறவர்கள் நிறைய. ஜிபியுவின் கோர் ரெயில் (கார்டின் முக்கிய சிப்புக்கு மின்சாரம் தரும் பாதை) ஆரோக்கியமாக இருக்கும்போதே அப்படித்தான் காட்டும். உள்நுழைவு 12 வோல்ட்டை மட்டும் அளந்தால் போதும்.

பிறகு சப்ளை ஆனில் இருக்கும்போது ஏதாவது மோலெக்ஸ் கனெக்டரில் (பழைய டிஸ்குகளுக்கான நாலு பின்) மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 11.4 முதல் 12.6 வரை அனுமதி. 11.4ஐ ஒட்டி நிற்கிறது என்றால் அனுமதிக்குள் இருந்தாலும் நான் அந்தச் சப்ளையை நம்ப மாட்டேன்.

#10 பச்சைவிளக்கு

சிமாஸ் (பயாஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் நினைவகம்) கிளியர் செய்தீர்களா? சப்ளையின் கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் செல்லை எடுத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பழைய கார்டுக்கென்று பயாஸில் ஒட்டிக்கொண்ட அமைப்பு ஏதாவது இருந்தால் போய்விடும்.

#11 தறிக்கட்டை

அளந்தேன்: உள்நுழைவில் கிலோ ஓம் கணக்கில் காட்டுகிறது. மோலெக்ஸில் 12.08. சிமாஸ் கிளியர் செய்தேன், புது கார்டோடு மூன்று நிமிடம் பொறுத்தேன். மாற்றமில்லை, அதே விஜிஏ விளக்கு.

#12 சால்டர்மணி

சரி, மின்சாரப் பக்கம் கையைக் கழுவலாம். இதுவரை யாரும் கேட்காத கேள்வி: கேபினட்டில் கார்டு போர்டின் ஸ்லாட்டில் நேரடியாக அமர்ந்திருக்கிறதா, இல்லை கண்ணாடியைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறதா?

#13 தறிக்கட்டை

நிமிர்ந்துதான் நிற்கிறது. கேபினட்டோடு வந்த ரைசர் கேபிள் (ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கும் நீட்டிப்பு) வழியாக. பழைய கார்டும் அதே ரைசரில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் முதலில் சொல்லவில்லை.

#14 சால்டர்மணி

அகப்பட்டுக்கொண்டது. "அதே ஸ்லாட்டில் பழைய கார்டு ஓடுகிறது" என்று நீங்கள் சொன்னதுதான் எல்லோரையும் திசைதிருப்பிவிட்டது.

1050 டிஐ பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசும் இணைப்பு முறை) 3.0 தலைமுறைக் கார்டு. 4060 டிஐ பிசிஐஇ 4.0. உங்கள் பி550 போர்டின் முதல் ஸ்லாட்டும் ரைசன் 5600உம் 4.0 பேசும். ஆகப் பழைய கார்டு இருந்தவரை அந்த ரைசரில் ஓடியது 3.0 வேகம், ஒரு லேனுக்கு (இணைப்பின் ஒரு தடத்துக்கு) நொடிக்கு 8 கிகாட்ரான்ஸ்ஃபர். புது கார்டு வந்ததும் இரு பக்கமும் கைகுலுக்கி 16க்கு ஏறப் பார்க்கின்றன. கேபினட்டோடு வரும் ரைசர்களில் ஏராளமானவை 3.0க்காகச் செய்தவை. அதிர்வெண் இரட்டித்ததும் கேபிளில் சிக்னல் தேய்ந்துவிடுகிறது.

"முடியவில்லை என்றால் தானாகக் கீழே இறங்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். விதிப்படி இறங்க வேண்டும். இணைப்பு எப்போதும் 2.5இல் தொடங்கி, பிறகுதான் மேலே ஏறும். சிக்கல் என்னவென்றால் நம் ரைசர் முழுதாகத் தோற்பதும் இல்லை, முழுதாக ஜெயிப்பதும் இல்லை. ஏறுகிறது, பிழை கொட்டுகிறது, மீட்பு நிலைக்குப் போகிறது, மறுபடி ஏறுகிறது. பயாஸ் கார்டைத் தேடும் நேரத்தில் இணைப்பு இந்த ஊஞ்சலில் இருந்தால் "கார்டு இல்லை" என்று முடிவுகட்டி விஜிஏ விளக்கை எரியவிட்டுவிடும்.

ரைசரை முழுவதும் ஒதுக்கிவிட்டு, கார்டை நேரடியாக ஸ்லாட்டில் மாட்டி ஒருமுறை ஆன் செய்யுங்கள். திருகு போட வேண்டாம், கையால் தாங்கியபடி பார்த்தால் போதும். ஸ்லாட்டின் கடைசியில் இருக்கும் கொக்கி மேலே எழுந்து பூட்டுகிறதா என்று பாருங்கள். பின்தகட்டின் நுனி கேபினட் விளிம்பில் இடித்துக்கொண்டு, கார்டின் ஒரு முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்பது அடிக்கடி நடப்பது.

#15 நாலாம்பின்

ஒரு கிளைச் செய்தி. இதே ரைசர், இதே கார்டு, ஆனால் பிராசஸர் 5600க்குப் பதில் 5600ஜி ஆக இருந்திருந்தால் இந்தப் பிரச்சினை தலைகாட்டியிருக்காது. 5600ஜி கார்டு ஸ்லாட்டுக்கு 3.0தான் தரும். "என் நண்பனிடம் இதே போர்டில் இதே ரைசர் ஓடுகிறதே" என்கிற குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

#16 தறிக்கட்டை

நேரடியாக மாட்டினேன். படம் வந்துவிட்டது! கார்டு உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் இப்போது புதுத் தலைவலி: நேராக பயாஸ் திரைக்கே போய் நிற்கிறது. எஸ்எஸ்டி பெயர் சேமிப்பகப் பட்டியலில் தெரிகிறது, பூட் பட்டியலில் மட்டும் எதுவும் இல்லை. பழைய கார்டைப் போட்டாலும் இப்போது இதே கதை.

#17 பச்சைவிளக்கு

இது என் சிமாஸ் யோசனையின் பின்விளைவு, மன்னிக்கவும். உங்கள் விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறை பூட்டை அனுமதிக்கும் அமைப்பு) ஆனில் இருந்ததால் இதுவரை ஓடியது. சிமாஸ் கிளியர் ஆனதும் உங்கள் போர்டின் தொழிற்சாலை அமைப்பு திரும்பியிருக்கிறது: சிஎஸ்எம் ஆஃப், யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) மட்டும். எம்பிஆர் டிஸ்கிலுள்ள விண்டோஸை யூஇஎஃப்ஐ ஏறெடுத்தும் பார்க்காது. கோப்புகள் எதுவும் அழியவில்லை, பயப்பட வேண்டாம்.

இப்போதைக்கு பூட் பகுதியில் சிஎஸ்எம்மை ஆன் செய்து சேமியுங்கள், விண்டோஸ் வந்துவிடும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் சிபியு ஒரே வீச்சில் அணுகும்) வசதிக்கு சிஎஸ்எம் ஆஃபில் இருக்க வேண்டும். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆரை யூஇஎஃப்ஐ கேட்கும் ஜிபிடி முறைக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, முதலில் வேலிடேட் சுவிட்சோடு ஓட்டிப் பாருங்கள். அது தேறினால்தான் கன்வர்ட். விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டுவதால் இரண்டு முறையும் அலௌஃபுல்ஓஎஸ் சுவிட்சும் சேர வேண்டும்.

வேலிடேட் தோற்றால் காரணம் அநேகமாகப் பார்ட்டிஷன். அந்த டிஸ்கில் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டென்டட், லாஜிக்கல் எதுவும் இருக்கக் கூடாது. பிட்லாக்கர் (டிஸ்க் குறியாக்கம்) ஓடினால் முன்பே இடைநிறுத்துங்கள். முக்கியக் கோப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுத்துவிட்டுத்தான் கன்வர்ட். மாற்றம் முடிந்த பிறகு சிஎஸ்எம்மை ஆஃப் செய்யுங்கள். வரிசை மாறினால் மறுபடி பயாஸ் திரையில்தான் நிற்பீர்கள்.

#18 குளிர்விசிறி

இடையில ஒரு கேள்வி, மன்னிச்சுக்கோங்க. எனக்கு சால்டர்மணி சொன்ன ரெண்டாவது வகை. 750 வாட் மாடுலர் சப்ளை (கேபிளைத் தனியா கழற்றுறது) புதுசா மாத்தினேன். ஆன் பண்ணா "டிக்", விசிறி கால் சுற்று, அணைஞ்சிடுது. வேற பிராண்டு பழைய சப்ளையோட கேபிள் எல்லாம் கட்டி அழகா ஓடியிருந்தது, கனெக்டர் பொருந்துச்சு, அதனால அதையே விட்டுட்டேன்.

#19 ஓம்விதி

குளிர்விசிறி, இனி ஒரு தடவைகூட ஆன் செய்யாதீர்கள். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேலே படியுங்கள்.

மாடுலர் கேபிளில் கார்டு பக்க முனைக்கு மட்டும்தான் பொது விதி உண்டு. சப்ளை பக்க முனையில் எந்தத் துளையில் 12 வோல்ட், எதில் கிரவுண்ட் என்பது அந்தந்தத் தயாரிப்பாளரின் இஷ்டம். ஒரே பிராண்டுக்குள் இரண்டு வரிசைகளுக்குக்கூட வேறுபடலாம். கனெக்டர் பொருந்தியது என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. "டிக்" என்று அணைந்தது உங்கள் அதிர்ஷ்டம், சப்ளை ஷார்ட்டை உணர்ந்து வெட்டியிருக்கிறது. சாட்டா கேபிள் மாறிப் போயிருந்தால் 5 வோல்ட் கம்பியில் 12 வோல்ட் போய் டிஸ்குகள் வரிசையாகப் போய்ச்சேரும்.

பழைய கேபிள் எல்லாவற்றையும், 24 பின் உள்பட, கழற்றிப் பெட்டியோடு வந்தவற்றை மட்டும் போடுங்கள். முதலில் கார்டும் டிஸ்குகளும் இல்லாமல் போர்டு மட்டும். சிபியு விளக்கு, டிராம் விளக்கு தாண்டிப் போனால் கார்டு. கடைசியாகத்தான் டிஸ்குகள், ஒவ்வொன்றாக.

#20 குளிர்விசிறி

பிடுங்கிட்டேன். நன்றி அண்ணா. கார்டுல 16 பின் கனெக்டர், அதுக்கு ஏதாவது தனியா பார்க்கணுமா?

#21 ஓம்விதி

முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும், இடைவெளி தெரியவே கூடாது. அதன் மேல் விளிம்பில் நாலு சின்ன சென்ஸ் பின் இருக்கும். அவற்றில் இரண்டுதான் 150, 300, 450, 600 வாட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று கார்டுக்குச் சொல்கின்றன. 12வி-2x6 என்ற திருத்திய வடிவத்தில் இந்தச் சென்ஸ் பின்களை வேண்டுமென்றே குட்டையாக்கியிருக்கிறார்கள். அரைகுறையாகச் சொருகினால் சென்ஸ் தொடாது, தொடாவிட்டால் கார்டு பூஜ்ய வாட் என்று எடுத்துக்கொண்டு கிளம்பவே கிளம்பாது. ஆகப் புதிய கார்டு அசையாமல் கிடந்தால் முதல் சந்தேகம் அரை மில்லிமீட்டர் இடைவெளி. இதே 16 பின்னின் பழைய வடிவமான 12விஎச்பிடபிள்யுஆர் அந்த நிலையிலும் 150 வாட்டுக்கு அனுமதித்தது, கனெக்டர் உருகிய கதைகளில் அரைகுறைச் சொருகலும் ஒரு காரணம்.

கனெக்டர் முடிந்த இடத்திலிருந்தே கேபிளை மடக்காதீர்கள். மூன்று நாலு சென்டிமீட்டர் நேராக விட்டு வளையுங்கள்.

#22 தறிக்கட்டை

சிஎஸ்எம் ஆன் செய்ததும் விண்டோஸ் வந்தது. வேலிடேட் முதலில் தோற்றது. எப்போதோ பிரித்த லாஜிக்கல் பார்ட்டிஷன் ஒன்று இருந்தது, காலி செய்து அழித்தபின் தேறியது. கன்வர்ட் ஆனது, சிஎஸ்எம் ஆஃப், ரீசைசபிள் பார் ஆன். இப்போது கார்டை மறுபடி நிமிர்த்தி வைக்க ஆசை. ரைசரை மாற்றியே ஆக வேண்டுமா?

#23 சால்டர்மணி

மாற்றாமலும் முடியும். கார்டு நேரடியாக ஸ்லாட்டில் இருக்கும்போதே பயாஸில் முதல் ஸ்லாட்டின் லிங்க் ஸ்பீடைத் தேடுங்கள். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும், பெரும்பாலும் அட்வான்ஸ்டு பகுதியில் இருக்கும். ஆட்டோவில் இருப்பதை ஜென் 3 (அதாவது 3.0) ஆக்கிச் சேமித்து, முழுதாக அணைத்து, பிறகு ரைசரில் மாட்டுங்கள். இந்த வரிசை முக்கியம். ரைசரில் மாட்டிவிட்டால் படமே வராது, பயாஸுக்குள் போக வழி இருக்காது.

இனி எப்போது சிமாஸ் கிளியர் செய்தாலும், பயாஸ் அப்டேட் செய்தாலும் இது ஆட்டோவுக்குத் திரும்பிவிடும், திரை மறுபடி கறுக்கும். அன்றைக்குக் கார்டைத் திருப்பி அனுப்பக் கிளம்பாதீர்கள்.

இழப்பு என்ன என்றால், 4060 டிஐ ஸ்லாட் 16 லேன் நீளம் இருந்தாலும் 8 லேன்தான் பயன்படுத்தும். 4.0இல் எட்டு லேன் நொடிக்குச் சுமார் 15.75 ஜிபி, 3.0இல் 7.88. கார்டின் 8 ஜிபி நினைவகத்துக்குள் அடங்கும் விளையாட்டுகளில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. டெக்ஸ்சர் அளவை ஏற்றி 8 ஜிபி நிரம்பினால் ரேமிலிருந்து இழுக்க ஆரம்பிக்கும், அப்போது இந்தப் பாதிப் பாதை நன்றாகவே உறுத்தும். அடிக்கடி அப்படி விளையாடுகிறவர் என்றால் 4.0 என்று எழுதியிருக்கும் ரைசர் வாங்குங்கள், அல்லது கார்டை நேரடியாக ஸ்லாட்டிலேயே விட்டுவிடுங்கள். என் ஓட்டு இரண்டாவதுக்கு. நிமிர்த்தி வைத்தால் கண்ணாடிக்கும் விசிறிக்கும் நடுவே காற்று வர இடமே இருக்காது.

#24 பச்சைவிளக்கு

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். 4060 டிஐக்கு என்விடியா ஒரு யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் கருவி வெளியிட்டிருக்கிறது, சில போர்டுகளில் ரீபூட்டின்போது திரை கறுப்பதற்காக. ஓட்டினால் உங்கள் கார்டுக்குத் தேவையா இல்லையா என்று அதுவே சொல்லும். தேவையில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஃபர்ம்வேர் எழுதும்போது மின்சாரம் போனால் கார்டு கல்லாகிவிடும்.

#25 தறிக்கட்டை

ஜென் 3 வைத்து ரைசரில் மாட்டினேன், முதல் முறையிலேயே படம். மூன்று முறை ரீஸ்டார்ட், இரண்டு முறை முழுதாக அணைத்து ஆன், எல்லாம் சரி. கருவி "அப்டேட் தேவையில்லை" என்றது. ஒரே சந்தேகம்: ஜிபியு-இசட் என்ற கார்டு விவரம் காட்டும் நிரலில் பஸ் என்ற இடத்தில் "எக்ஸ்8 1.1" என்று காட்டுகிறது. 3.0 வர வேண்டாமா?

#26 சால்டர்மணி

சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க இணைப்பு கீழே இறங்கிக்கொள்ளும், 1.1 காட்டுவது அதனால்தான். அந்த வரியின் பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டுப் பாருங்கள், 3.0க்கு ஏறும். அப்போதும் 1.1லேயே நின்றாலோ, எக்ஸ்8 என்பது எக்ஸ்4 ஆகக் குறைந்தாலோ ரைசரின் இரு முனைகளையும் கழற்றித் தங்க முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள். அழிப்பான் வைத்துத் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும்.

#27 தறிக்கட்டை

ரெண்டர் டெஸ்ட்டில் "எக்ஸ்8 3.0" வந்துவிட்டது. ரைசர் கேபிளில் "ஆட்டோவில் வைக்காதே, ஜென் 3" என்று எழுதி ஒட்டிவிட்டேன்.